மாங்கூழ்க் குழிக்குள் என் தங்கை கணவரை இறக்குவதைத் தடுக்கக் கோரி

அனுப்புநர்:
க. சீனு, த/பெ. கங்கையா,
மோட்டார் ரீவைண்டிங் கடை,
கட்டமஞ்சி, சித்தூர்.

பெறுநர்:
தொழிற்சாலைகள் ஆய்வாளர் அவர்கள்,
சித்தூர்.

பொருள்: பலமனேர் சாலையில் உள்ள மாங்கூழ் ஆலையின் கழிவுக் குழியில், மோட்டார் ஓடும்போதே ஆளை இறக்கிக் கலக்கச் சொல்வது – உடனே தடுக்க வேண்டுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

எனக்குத் தெலுங்கு பேச வரும், எழுத வராது. தப்பாக எழுதி அர்த்தம் மாறினால் ஓர் உயிர் போய்விடுமே என்று பயந்து தமிழிலேயே எழுதுகிறேன். தங்கள் அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவரைக் கொண்டு இன்றைக்கே இதைப் படிக்கக் கேட்கும்படி வேண்டுகிறேன். ஆலையின் பெயரைத் தனித்தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன்.

1. மேற்படி ஆலையின் கழிவுக் குழி பன்னிரண்டு அடி ஆழம். பழம் கழுவிய தண்ணீர், தோல், நார், வீணான கூழ் எல்லாம் அதில்தான் விழுகிறது. அதை வெளியே தள்ள ஐந்து எச்.பி. நீர்மூழ்கி மோட்டார் போட்டிருக்கிறார்கள். இந்த சீசனில் மட்டும் அது மூன்று முறை எரிந்து என் கடைக்கு வந்துவிட்டது.

2. காரணம் மோட்டாரில் இல்லை ஐயா. அது நல்ல தண்ணீர் இறைக்கச் செய்த மோட்டார். தண்ணீரில் எட்டு ஆம்பியர் இழுக்கும். கூழ் கெட்டியாகக் கெட்டியாக விசிறி சுற்ற முடியாமல் திணறும், பன்னிரண்டு ஆம்பியர் வரை இழுக்கும், ஆனால் குழாயில் வருவதோ பாதிகூட இருக்காது. சுற்றியுள்ள தண்ணீர்தான் இந்த மோட்டாரின் சூட்டைக் கொண்டுபோக வேண்டும். கூழ் நகராமல் உடம்போடு அப்பிக்கொண்டால் சூடு எங்கே போகும்? உள்ளே காயில் என்கிற செப்புக் கம்பிச் சுருள் வெந்துவிடுகிறது. கெட்டிக் கழிவுக்கென்று வேறு பம்பு இருக்கிறது, அதை வாங்குங்கள் என்று முதல் தடவையே சொன்னேன். சீசன் முடியட்டும் என்றார்கள்.

3. இங்கேதான் நான் தப்பு செய்தேன். இரண்டாம் முறை மோட்டாரைக் கொடுக்கும்போது, "தண்ணி ஊத்திக் கரைச்சு உட்டுக்கினே ஓட்டுங்க, அப்பதான் தாங்கும்" என்று சொல்லி அனுப்பினேன். ரீவைண்டிங் செய்பவன் எவனும் மோட்டாரைக் கொடுக்கும்போது இப்படி ஏதாவது சொல்வது வழக்கம். மேலிருந்து ஹோஸ் வைத்து அடிப்பார்கள் என்று நினைத்தேன். சூப்பர்வைசர் கிரண்குமார் என்ன செய்தார் தெரியுமா? கையில் ஒரு கட்டையைக் கொடுத்து ஆளையே உள்ளே இறக்கிவிட்டார். அந்த ஆள் முனுசாமி, என் தங்கை ரூபாவின் கணவர்.

4. போன வாரம் மோட்டார் எரியும் வரை இடுப்பளவு கூழில் நின்றுகொண்டு அவர் கலக்கினார். காலடியில் மோட்டார் ஓடியது. நான் மூன்றாம் முறை பிரித்தபோது ஒயர் மேல் உறை வெந்து பிளந்திருந்தது. கரன்ட் கூழில் இறங்க எவ்வளவு நேரம் ஆகும் ஐயா? புளித்த கூழிலிருந்து எழும் வாயு வேறு. போன புதன்கிழமை ஏறி வந்தவர் என்னிடம் சொன்னது: "கண்ணு இருட்டிக்கினு வந்துச்சு மச்சான், ஏணி எங்க இருக்குதுன்னே தெரியல, தடவிக்கினே ஏறனேன்." சூப்பர்வைசரிடம் போய்க் கேட்டதற்கு, "நீ சொன்ன மாதிரிதானே நைனா செய்றோம்" என்றார். பாவி, என் வாயாலேயே என்னை மடக்கினார்.

5. ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் முறை எரிந்து வந்த அந்த மோட்டார் நான்கு நாட்களுக்கு முன்பே தயாராகிவிட்டது. வார்னிஷ் காயவில்லை, பேரிங் வரவில்லை என்று பொய் சொல்லிக் கடையிலேயே வைத்திருக்கிறேன். மோட்டார் இல்லாவிட்டால் கலக்க வேண்டாம், முனுசாமி இறங்க வேண்டாம் என்பது என் கணக்கு. இதற்காக என் மேல் நடவடிக்கை எடுத்தாலும் சம்மதம்.

6. ஆனால் குழி நிரம்பிக்கொண்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை காலைக்குள் மோட்டார் வராவிட்டால் நான்கு பேரை இறக்கிப் பக்கெட்டால் அள்ளச் சொல்லப் போவதாக நேற்று ஆள் விட்டுச் சொன்னார்கள். முதல் ஆள் முனுசாமிதானாம், அவருக்குத்தான் குழி பழக்கமாம். வேலைக்குப் போகாதே என்றால் அவர் கேட்கவில்லை. இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு சீசன் வேலையை விட முடியுமா என்று என்னையே கேட்கிறார்.

ஆகவே, தாங்கள் வியாழக்கிழமைக்குள் நேரில் வந்து அந்தக் குழியைப் பார்த்து, ஆள் இறங்கத் தடை போட்டு, கெட்டிக் கழிவுக்கான பம்பு வைக்கும்படி உத்தரவிட வேண்டுகிறேன். என் பெயரைச் சொன்னால் முனுசாமிக்கு வேலை போகும். போகட்டும், சொல்லுங்கள்.

நான் மோட்டாரைக் கொடுத்தாலும் அவர் குழியில் இறங்குவார், கொடுக்காவிட்டாலும் இறங்குவார். எனக்குத் தெரிந்த வேலை எல்லாம் செய்து பார்த்துவிட்டேன் ஐயா. இனி தாங்கள் வந்தால்தான் உண்டு.

நாள்: 24.06.2025, செவ்வாய்
இடம்: சித்தூர்

இப்படிக்குப் பயத்துடன்,
க. சீனு