மணப்பெண் முகத்தில் பச்சைக் கோடுகள்

இன்று காலை என் போனைச் சரிசெய்யக் கொடுத்திருந்தேன். கடைக்காரர் அதன் உள்பலகை மேல் சூடான காற்றைப் பிடித்தார். குங்கிலியம் புகைவதுபோல் ஒரு வாசனை எழுந்தது. எனக்குக் காதுமடல் சுட்டது. இத்தனை வருஷம் கழித்தும் அந்த வாசனைக்கு என் உடம்பு கூனிக் குறுகுகிறது. உன்னிடம்தான் சொல்ல முடியும். நீ இல்லை என்பதால் எழுதுகிறேன்.

கல்யாண ஆல்பங்களைக் கம்ப்யூட்டரில் வடிவமைப்பது ஊரில் பரவத் தொடங்கியிருந்த காலம். நாம் இருவரும் ஒரே ஸ்டூடியோவில் அந்த வேலை செய்துகொண்டிருந்தோம். "நாம செய்யறதுக்கு மொதலாளி அவரு பேர போட்டுக்கறாரு. நம்ம பேர எப்ப போடறது?" என்று கேட்டு, என்னையும் கிளப்பி வெளியே கூட்டிவந்தவள் நீ. பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்த உன் பெரியப்பா மகன், தான் வைத்திருந்த பழைய லேப்டாப்பை உனக்கு விற்றுவிட்டுப் போனான். பிரெஞ்சு விசைப்பலகை. ஏ இருக்க வேண்டிய இடத்தில் க்யூ இருக்கும், க்யூவின் இடத்தில் ஏ. விரல்கள் பழகச் சில வாரம் ஆயிற்று. நெல்லித்தோப்பில் என் வீட்டு முன்னறைதான் நம் ஆபீஸ். சொந்தக்காரர் ஒருவர் விடாமல் எல்லாரிடமும் பெருமை பேசினேன்.

முதல் பெரிய வேலை பாகூர் பக்கத்து விவசாயக் குடும்பத்துக் கல்யாணம். படம் தேர்ந்தெடுக்க மணப்பெண்ணின் அம்மா, சித்தி, மாமா எல்லாரும் வேன் பிடித்து வந்திருந்தார்கள். தாலி கட்டும் படத்தைத் திறந்தேன். திரை ஒருமுறை துடித்தது. பெண்ணின் நெற்றியிலிருந்து கழுத்துவரை பச்சைப் பச்சையாகக் கோடுகள் விழுந்தன.

"இன்னாம்மா இது? எம்பொண்ணு மூஞ்சில கோடு கோடா வருது!" என்று அந்த அம்மா எழுந்துவிட்டார். அபசகுனம் என்று சித்தி முணுமுணுத்தாள்.

நீ லேப்டாப்பை மெதுவாக மூடினாய். "படம் பத்திரமா இருக்கு அத்த. பொட்டிக்குத்தான் ஒடம்பு சரியில்ல. பாத்துட்டுச் சொல்றோம்" என்றாய். அவர்கள் அரைமனதோடு போனார்கள்.

பழுது பார்ப்பவர் வேறொரு மானிட்டரை இணைத்தார். அதிலும் அதே கோடுகள். "திரையில கோளாறு இல்ல. படம் காட்டற சிப்பு போச்சு. போர்டோட ஒட்டியிருக்கு, தனியா மாத்த முடியாது. சூடு காட்டறேன், கொஞ்ச நாள் ஓடும். அதுக்குள்ள படத்தையெல்லாம் டிவிடில ஏத்திக்குங்க" என்றார். அன்றுதான் அந்த வாசனையை முதலில் முகர்ந்தேன். வீட்டில் டேபிள் ஃபேனை லேப்டாப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு நாம் வியர்வையில் நனைந்தோம். ஆல்பம் பாதிகூட முடியவில்லை, திரை மறுபடி இருண்டது. விசிறி மட்டும் உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது. திரும்பச் சூடு காட்டியும் உயிர் வரவில்லை.

படங்கள் கையில் இருந்தன. கம்ப்யூட்டர்தான் இல்லை. ஆல்பம் கேட்டு அந்த அம்மா போன் செய்துகொண்டே இருந்தார். பழைய ஸ்டூடியோவின் கம்ப்யூட்டரில் முடித்துக்கொள்ளக் கேட்கலாம் என்று நீ சொன்னபோது, செத்தாலும் அங்கே வரமாட்டேன் என்றேன்.

"நீ பேச வேணாம்டீ. கூட வா, போதும்" என்றாய்.

போனோம். கல்லாவில் இருந்த முதலாளி நம்மை ஏற இறங்கப் பார்த்தார். கதையைக் கேட்டார். பிறகு உள்ளே திரும்பி உரக்கச் சொன்னார்: "முதலாளியம்மாங்க வந்திருக்காங்க, நல்ல சேரா பாத்துப் போடுங்கப்பா!" நம்மோடு வேலை பார்த்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். படம் எடுக்க வந்திருந்த குடும்பம்கூடத் திரும்பிப் பார்த்தது. தரையைப் பார்த்தபடி நின்றேன்.

நீ அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாய். "சேரு நல்லாத்தான் இருக்கு சார். மௌஸ் எங்க?" என்றாய்.

மணப்பெண்ணின் பெயரை ஆங்கிலத்தில் அடித்தபோது என் விரல் பிரெஞ்சுப் பலகையின் பழக்கத்தில் போயிற்று. அமலா என்பதில் ஏ வர வேண்டிய இடமெல்லாம் க்யூ. பின்னால் நின்ற ஒருத்தி படித்துக்காட்ட, மறுபடி சிரிப்பு. நீயும் சேர்ந்து சிரித்தாய். என்னால் முடியவில்லை.

ஆல்பம் முடிந்தது. அந்த அம்மா ஒவ்வொரு பக்கத்திலும் மகளின் முகத்தை விரலால் தடவிப் பார்த்தார், கோடு ஏதும் இருக்கிறதா என்று. பிறகுதான் சிரித்தார். முதலாளி நம்மைத் திரும்ப வேலைக்கு அழைத்தார். "காலைல உங்க வேல, மத்தியானத்துக்கு மேல இங்கயே எங்க வேல. ஒத்துக்கிட்டா வரோம்" என்றாய். அவர் ஒத்துக்கொண்டார். அப்படித்தான் சேர்த்துச் சேர்த்துப் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, நம் பெயரில் பலகை மாட்டினோம்.

அதன்பின் எத்தனையோ தடவை அந்த நாளைப் பற்றிப் புலம்பியிருக்கிறேன். "உனக்கென்ன, உனக்கு ரோஷமே கெடயாது" என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். நீ டீயை ஆற்றிக்கொண்டே, "ஆமாம்டீ, எருமத் தோலு" என்பாய்.

போன வருஷம் உன் காரியத்தன்று குருசுக்குப்பத்தில் உன் வீட்டில், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த உன் தங்கையிடம் அந்த நாற்காலிக் கதையைச் சொல்லிச் சிரிக்கப் பார்த்தேன். அவள் கையை நிறுத்தினாள்.

"சேரு போடச் சொன்னாங்களே, அன்னைக்கா? அன்னைக்கு அக்கா சோறே துண்ணல. கொழாயைத் தொறந்து வுட்டுட்டு, சத்தம் கேக்காம அழுதுச்சு. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கிச்சு. அவ பயந்துக்குவா, வேலையை வுட்டுடுவான்னு சொல்லுச்சு."

அவமானம் என் ஒருத்திக்குத்தான் நேர்ந்தது என்று நினைத்து அத்தனை வருஷமும் உன்னிடமே ஆறுதல் வாங்கிக்கொண்டிருந்தேன். நீயும் கொடுத்துக்கொண்டே இருந்தாய். ஸ்டூடியோவில் சிரித்தவர்களின் முகங்கள் எனக்கு மறந்துவிட்டன. இப்போது என்னைத் தலைகுனிய வைப்பது அவர்கள் இல்லை. பக்கத்து நாற்காலியில் இத்தனை காலம் உட்கார்ந்திருந்த உன்னைத் திரும்பிப் பார்த்து, "உனக்கு எப்பிடிடீ இருந்துச்சு?" என்று ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை.