தண்ணீரைப் பற்றி நான் சொன்னதும் கேட்டதும்

மார்ச் 4

ஊரில் மஞ்சள் காமாலை பரவுகிறதாம். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்லி, சலூன் சுவரில் ஒட்டும்படி சுகாதார நிலையத்திலிருந்து ஒரு நோட்டீஸ் கொடுத்தார்கள். சவரக் கத்தி துடைக்க நல்ல தாளாக இருந்தது.

முடி வெட்ட வந்த தபால்காரர், "கொதிக்க வைக்கணுமாண்ணே?" என்றார்.

"கொதிச்சா சத்தெல்லாம் ஆவியாப் போயிடும். இத்தனை வருஷமா குழாய்த் தண்ணிதான் குடிக்கிறேன், எனக்கு என்ன ஆச்சு?" என்றேன்.

கடையே தலையாட்டியது. அவரும் ஆட்டினார். கத்தரி காதருகே இருக்கும்போது யார்தான் மறுப்பார்கள்?

மார்ச் 5

வீட்டில் மனைவி கொதிக்க வைத்துத்தான் தருகிறாள். குடித்தேன். சத்து போனால் போகட்டும், சண்டை வேண்டாம்.

ஏப்ரல் 8

தபால்காரர் ஆஸ்பத்திரியில். மஞ்சள் காமாலை. அவர் தம்பி கடைக்கு வந்து சொன்னார். "நீங்க சொன்னீங்கன்னு அண்ணன் தண்ணிய கொதிக்க வைக்கவே இல்லை." கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. சாதாரணமாகச் சொன்னார்.

எனக்கு என்ன தெரியும்னு சொன்னேன்? என் வீட்டுல கொதிச்ச தண்ணி - அதை ஒருத்தர்கிட்டயும் சொல்லலையே.

'வாய் மட்டும் இல்லைன்னா உங்களை நாய் தூக்கிட்டுப் போயிடும்' என்று தினமும் சொல்லும் மனைவி, இன்று கொதித்த தண்ணீரை என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அதுதான் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 9

கடையைப் பூட்டிவிட்டுச் சுகாதார நிலையத்துக்குப் போனேன். நர்ஸம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "உங்களாலதான்னும் சொல்ல முடியாது. இல்லைன்னும் சொல்ல முடியாது" என்றார். புது நோட்டீஸ் கேட்டேன். பழையது எங்கே என்றார். "நனைஞ்சு போச்சு" என்றேன். பொய் இல்லை.

"வேற யார் யாருக்கு வந்திருக்கு, தெரியுமா?"

எனக்குப் பேர் தெரியாது, தலை தெரியும். ரெட்டைச் சுழிக்காரர், முன்வழுக்கை வாத்தியார், பொடுகு மாமா... பதினொரு பேர். நர்ஸம்மா சிரிக்காமல் எழுதிக்கொண்டார். வீடு எங்கே என்று கேட்டபோதுதான் எனக்கே உறைத்தது. ஒன்பது பேர் பேக்கரிச் சந்து. தபால்காரரும் அங்கேதான். ஜனவரியில் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டிய அதே சந்து.

"நகராட்சிக் கூட்டத்துல வந்து கேளுங்க. நான் எழுதி அனுப்பிட்டேதான் இருக்கேன். குடியிருக்கிறவங்க கேட்டாதான் அசையறாங்க."

ஏப்ரல் 12

வருகிற எல்லோரிடமும், "தண்ணியப் பத்தி நான் சொன்னது தப்பு, கொதிக்க வைங்க" என்கிறேன். முடி வெட்டுவதைவிட இதற்குத்தான் நேரமாகிறது. ஒருவர், "வேற எதெல்லாம் தப்புன்னும் சொல்லிடுங்க. நீங்க நிறைய சொல்லியிருக்கீங்க" என்றார்.

ஏப்ரல் 17

கூட்டம். நாள் முழுக்கப் பேசுகிற எனக்கு, மைக்கைப் பார்த்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மனைவி பின்னாலிருந்து முதுகில் இடித்தாள்.

பொறியாளர், "பரிசோதனையில தண்ணி நல்லாத்தான் இருக்கு" என்றார்.

"எங்க எடுத்த தண்ணி சார்?"

கோப்பைப் புரட்டினார். "தொட்டியில."

"எங்க வீட்டுக்குத் தொட்டி வர்றதில்ல சார். குழாய்தான் வருது."

சிரித்தார்கள். நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. நர்ஸம்மா எழுந்து பட்டியலைப் படித்தார். சிரிப்பு நின்றது. நாளைக்கே சந்துக் குழாயில் தண்ணீர் எடுப்பதாக எழுதிக் கொடுத்தார்கள்.

ஏப்ரல் 23

தோண்டிவிட்டார்கள். குழாய் விரிசல் விட்டுச் சாக்கடை நீரில் மூழ்கிக் கிடந்தது. மாற்றும்வரை லாரியில் தண்ணீர்.

மே 6

இன்னும் இரண்டு பேருக்கு வந்திருக்கிறது. முன்பே தொற்றியதாக இருக்கும், இனிக் குறையும் என்கிறார் நர்ஸம்மா. குறைய வேண்டும்.

மே 31

தபால்காரர் வந்தார். சட்டை தொளதொளவென்று இருந்தது. நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"முடியக் குறைங்கண்ணே. பேச்சை நீங்களே குறைச்சுட்டீங்களாமே."

"கொஞ்சம்" என்றேன்.

கழுத்தில் துணியைக் கட்டிவிட்டுக் கண்ணாடியில் அவர் கண்களைப் பார்த்தேன். வெள்ளையாக இருந்தன. கத்தரியை எடுத்தேன்.