ஏழாம் இலக்கத் துண்டு

1989 நவம்பர் 14, செவ்வாய்

இன்றைக்கும் பழி என் உலையின் மீதுதான் விழுந்தது. நான் சூடேற்றிப் பதப்படுத்திய நிக்கல் கலவைத் துண்டுகள் சுத்தியல் அடியை நன்றாகவே தாங்கின. அதைப் பற்றி மேலாளர் வாய் திறக்கவில்லை. ஓயாமல் வளைத்துப் பார்க்கும் அயர்ச்சிச் சோதனையில் ஏழாம் துண்டு ஒரே நாளில் முறிந்ததும், எல்லோர் முன்னாலும் என் சூடேற்றல் பிழை என்றார். எனக்கு வரவேண்டிய பதவிக் கதிரையில் இருந்துகொண்டு சொல்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் காரணம் காட்டாவிட்டால் உலையை வேறொருவரிடம் கொடுத்துவிடுவாராம்.

முறிந்த முகத்தை உருப்பெருக்கியில் பார்த்தேன். துண்டின் மெல்லிய நடுப்பகுதியில் 7 என்று குத்தியிருந்த இலக்கத்தின் அடியில்தான் வெடிப்பு தொடங்கியிருக்கிறது. வளைவைத் தாங்கும் அந்த இடத்தில் ஒரு கீறல்கூட இருக்கக் கூடாது. குத்தியவன் என்னோடு வேலை செய்யும் செல்வராசா. லண்டனில் நாங்கள் குடியிருக்கும் வால்தம்ஸ்டோவுக்கு ஒரே பஸ்ஸில்தான் திரும்புகிறோம்.

“நடுவில குத்தச் சொல்லி ஆரடா சொன்னது?” என்று பஸ்ஸிலேயே கத்தினேன்.

“நீங்கள்தான் அண்ணை. போன மாதம் துண்டுகள் ஒண்டுக்கொண்டு மாறிப்போன நேரம், ‘எல்லாத்திலயும் நம்பர் குத்து, குருடனுக்கும் தெரியவேணும்’ எண்டு சத்தம் போட்டனீங்கள். முனையில குத்தினால் மெசினுக்குள்ள மறைஞ்சுபோகும்.”

சொன்னேன்தான். எங்கே குத்துவது என்று சொல்லவில்லை. உலை என்னிடம் இருக்கவேண்டுமென்றால், நாளைக்கு அந்த மனிதனுக்கு முன்னால் நின்று இதையும் சொல்லவேண்டும்.

மீதித் துண்டுகள் வேலையிடத்துப் பெட்டியில் கிடக்கின்றன. ஒவ்வொன்றின் நடுவிலும் இலக்கம் தெளிவாகத் தெரிகிறது, குருடனுக்கும்.