கண் வெளுத்த நாகம்

ஒக்ரோபர் 12, 2006. வியாழன்

காலமை தூறல். ஹீற்றர் இன்னும் போடேல்லை, மாதம் முடியட்டும் எண்டிறான் வீட்டுக்காரன். வலக்கை மூண்டு விரலும் விறைப்பு. பாரிசவாதம் வந்து போனதுக்குப் பிறகு டொக்டர் சொன்னது, தினமும் எழுதுங்கோ, கை வழிக்கு வரும் எண்டு. மூண்டாம் வகுப்போட பள்ளிக்கூடம் விட்டவனுக்கு இதுவும் ஒரு தண்டனை. எழுத்துக்கூட்டித்தான் எழுதுறன்.

இண்டைக்கு அறிஞ்சது: கீழ் வீட்டில நாகம் இருக்கு.

மொன்றியலில இந்த வில்லரேப் பக்கம் குடிவந்து ரெண்டு வருசம். ரெண்டு வருசமும் அதுக்கு மேலதான் படுத்து எழும்பியிருக்கிறம். என்ர பாய்க்கு நேர கீழதானாம் அது இருக்கிற பெட்டி.

கீழ் வீட்டு ஜில் பின்னேரம் மேல வந்தவர். தனியாள், வெள்ளைத்தாடி, யூனிவர்சிற்றியில படிப்பிக்கிறவர். தாய்க்கு வருத்தம், பாக்கப் போறாராம், செவ்வாய்தான் வருவார். திறப்பைத் தந்து, அதுக்குத் தண்ணி மாத்த ஏலுமோ எண்டு கேட்டார். என்ர மகள் வசந்தி சிரிச்சுக்கொண்டு ஓம் எண்டிட்டாள். எது எண்டு எனக்குப் பேந்துதான் சொன்னாள்.

"ஏன் வளக்கிறார் எண்டு கேள் பிள்ளை."

தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு நெடுகக் கதைச்சார். வசந்தி தமிழில சொன்னது, எனக்கு விளங்கினபடி: யேசுநாதர் போய் நூறு இருநூறு வருசத்தில, எகிப்து சிரியாப் பக்கம் வேதக்காரருக்குள்ளயே சில கூட்டம் நாகத்தைக் கும்பிட்டதாம். பெட்டியில வைச்சிருப்பினம். மேசையில பாணை அடுக்கிப் பெட்டியைத் திறப்பினம். அது வந்து பாணைச் சுத்திப் படுக்கும். பிறகு அந்தப் பாணைப் பிச்சுச் சாப்பிட்டு, ஒவ்வொருத்தரா அதின்ர வாயைக் கொஞ்சுவினமாம். இதை எழுதி வைச்சது அவையளின்ர எதிரியள், அதால முழுக்க நம்பவும் ஏலாது எண்டும் ஜில் சொன்னார். முப்பது வருசமா இதைத்தான் படிக்கிறாராம். தொட்டும் பாக்காமல் எப்பிடி எழுதுறது எண்டு ஒண்டை வாங்கினவராம்.

மருமகன் ரவி: "மாமா, நாகம் ஏறின பாண் வேண்டாம், எனக்கு பட்டர் காணும்."

எல்லாரும் சிரிச்சினம். எனக்கு முதுகு கூசிச்சுது.

வசந்தி எண்டு முழுக்க எழுதக் கை நோகுது. இனி வ.

வ.க்கு இது ஏழாம் மாதம். முந்தி ஒண்டு தங்கேல்லை, அஞ்சாம் மாதத்தோட போச்சுது. இந்தமுறை தங்கினா ஊரில நாகதம்பிரானுக்கு வெள்ளியில நாகம் செய்து வைக்கிறதெண்டு நேந்தனான். திரும்பச் சண்டை துவங்கிப் பாதையைப் பூட்டிப்போட்டாங்கள். தம்பிக்குப் போனும் பிடிக்குதில்லை. நேத்தி அப்பிடியே நிக்குது. கேக்க அவரே வந்து கீழ இருக்கிறாரோ?

பொழுதுபட்டா அதின்ர பேர் சொல்லக் கூடாது. எழுதலாமோ தெரியேல்லை. நிப்பாட்டுறன்.

ஒக்ரோபர் 13, வெள்ளி

வெயில். ஆனா குளிர். தோய்ஞ்சு விபூதி பூசிப்போட்டுத்தான் கீழ போனது.

வ.வை வரவேண்டாம் எண்டன். "அந்த இரும்புப் படியில நீங்கள் விழுந்தா ஆர் தூக்கிறது? ரவியும் வேலையில" எண்டு பின்னால வந்திட்டாள். சொல்வழி கேளாள், தாயைப் போல.

வீடு முழுக்கப் புத்தகம். குசினியிலயும். மூலையில கண்ணாடிப் பெட்டி, உள்ளுக்கு விளக்கு. செருப்பைக் கழட்டிப்போட்டுக் கும்பிட்டன். படம் எடுக்காத சாதி. ஆட்டை முழுசா விழுங்கிற வெங்கிணாந்தியின்ர குட்டி மாதிரி, மண்ணிறத்தில மஞ்சள் தேமல். கண் ரெண்டும் கறுப்பு, மிளகை எண்ணெயில போட்ட மினுக்கம்.

நான் தண்ணிக் கோப்பையை எடுக்கிறதுக்குள்ள வ. வயித்தைப் பிடிச்சுக்கொண்டு குனிஞ்சு கண்ணாடியில முகத்தை வைச்சிட்டாள். அது தலையைத் தூக்கி நேர அவளைப் பாத்தது. அவளும் பாத்தாள்.

"அப்பா, வடிவா இருக்குது. ஏன் பயப்பிடுறியள்?"

கையில பிடிச்சு இழுத்தன். "என்னப்பா, நோகுது!"

அவளுக்குச் சொல்லேல்லை. பிள்ளைத்தாச்சியின்ர பார்வை பட்டா அதுக்குக் கண் அவிஞ்சுபோகும் எண்டு அம்மா சொல்லுறவ. கண்ணை எடுத்த பழி சும்மா போகாது, வயித்துப்பிள்ளையில வந்து நிக்கும்.

ஊரில அயல்வீட்டுப் பொன்னுத்துரையின்ர பெண்சாதி நிறைமாதத்தில வரம்பால வரேக்க நாகம் ஒண்டு அசையாமல் குறுக்க கிடந்தது. பாத்துக்கொண்டு நிண்டவ. பெடியள் அடிச்சுப்போட்டாங்கள். பிறந்த பிள்ளைக்கு ரெண்டு கண்மணியும் பால் மாதிரி. நான் தூக்கிப் பாத்தனான். விரலைக் காட்டினன், பிள்ளை திரும்பேல்லை. அப்ப எனக்கு மீசை அரும்புற வயசு. அந்த முகம் இப்பவும் அப்பிடியே நிக்குது.

இரவு வ. கீரைக்கறி. நல்ல ருசி. எனக்கு இறங்கேல்லை.

ஒக்ரோபர் 14, சனி

காத்து. மேப்பிள் இலை படி முழுக்க, வழுக்குது.

தனியப் போனன். வ. நித்திரை. சொல்லாமல் போனன்.

கண் வெளுத்துப் போச்சுது.

ரெண்டு கண்ணும். கறுப்பெல்லாம் போய், சாம்பிராணிப் புகை படிஞ்ச மாதிரி நீல வெள்ளை. மேலிலயும் மினுக்கமில்லை. ஒரு மூலையில சுருண்டபடி. கண்ணாடிக்கு முன்னால கையை ஆட்டினன். திரும்பேல்லை.

கும்பிட ஏலேல்லை. மாத்தின தண்ணி பாதி நிலத்தில. என்ர பெனியனைக் கழட்டித் துடைச்சன்.

மேல ஏறி வர வ. கதவடியில. "எங்க போனியள்? தண்ணி மாத்தினியளோ? எப்பிடி இருக்கு என்ர சினேகிதி?"

"நித்திரை" எண்டன்.

திறப்பை அரிசி வாளிக்குள்ள ஒளிச்சு வைச்சிட்டன்.

மத்தியானம் போனில ஆருக்கோ சொல்லுறாள்: "இண்டைக்கு இவர் உள்ளுக்குப் பெரிசாத் துள்ளேல்லை. தேப்பனைப் போல சோம்பேறி." சிரிக்கிறாள். நான் கக்கூசுக்குள்ள போய் நிண்டன். வேற எங்க போறது.

வாங்க வேண்டியது: பால், வெங்காயம், ரவிக்கு பற்றறி. ஒண்டும் வாங்கேல்லை.

ஒக்ரோபர் 15, ஞாயிறு

ரவியின்ர காரில டொலார்டில இருக்கிற கோயிலுக்கு. வ. வரேல்லை, கால் வீக்கம்.

நல்ல சனம். பக்கத்தில ஒரு தமிழ்நாட்டுப் பெடியன் போனில: "மச்சி, சாமி கும்பிட வந்த எடத்துல கூட பார்க்கிங் ஃபைன் போடுறான்டா." மற்ற நாளெண்டா சிரிச்சிருப்பன்.

ஐயரைப் பிடிச்சன். "ஐயா, நாகத்துக்குக் குறை வந்தா என்ன செய்யிறது?"

"என்ன குறை? அடிச்சுக் கிடிச்சுப் போட்டியளோ? கனடாவில எங்க கண்டனீங்கள்?"

"சும்மா கேட்டன்."

"சும்மா ஒருத்தரும் கேளாயினம். வெள்ளிக்கிழமை பால் அபிஷேகத்துக்குப் பேர் குடுங்கோ."

பேர் குடுத்தன். வ.வின்ர பேர் சொல்லப் பயம். என்ர பேரைக் குடுத்தன். பழி வந்தா என்னில வரட்டும்.

திரும்பேக்க ரவி: "மாமா, முகம் ஏன் வாழைக்காய் மாதிரி? கீழ் வீட்டுக்காரி கடிச்சுப்போட்டாளோ?" நல்ல பெடியன். அவனுக்கும் சொல்லேல்லை.

பின்னேரம் கீழ போனன். கண் இன்னும் வெள்ளைதான். பெட்டிக்கு முன்னால பாலும் முட்டையும் வைச்சுக் கும்பிட்டன். ஜில்லின்ர கதை ஞாபகம் வந்தது. அந்தப் பழைய கூட்டத்தின்ர கணக்கில, வேதப் புத்தகத்தில பழத்தைத் தின் எண்டு பெண்பிள்ளையிட்ட வந்து சொன்ன நாகம் கெட்டதில்லையாம். அதாலதான் சனத்துக்குக் கண் திறந்ததாம். தின்னாதை எண்டு தடுத்த கடவுள்தான் எரிச்சல் பிடிச்சவனாம். அங்க அது பெண்பிள்ளையின்ர கண்ணைத் திறந்தது. இஞ்ச என்ர பெண்பிள்ளை அதின்ர கண்ணை மூடிப்போட்டாள்.



ஒக்ரோபர் 16, திங்கள்

இதைச் செவ்வாய் காலமை எழுதுறன். நேற்று எழுத ஏலேல்லை.

பத்து மணிபோல வ. குசினிக் கதிரையில இருந்து, "அப்பா, விடிஞ்சதில இருந்து துடிக்கேல்லை" எண்டாள். சிரிப்பில்லை. ஆசுப்பத்திரிக்கு அடிச்சாள். குளிரா இனிப்பாக் குடிச்சிட்டு இடப்பக்கம் சரிஞ்சு படுங்கோ, அதுக்கும் துடிக்காட்டி உடன வாங்கோ எண்டினமாம். படுத்தாள். வயித்தில கையை வைச்சுக்கொண்டு முகட்டைப் பாத்தபடி. ஒண்டுமில்லை.

அப்ப வாய் விட்டிட்டன். எல்லாம். அம்மா சொன்னது, பொன்னுத்துரையின்ர பிள்ளை, கீழ அதுக்குக் கண் போனது. அழுதுகொண்டு சொன்னன். ஏன் சொன்னன் எண்டு தெரியேல்லை. தனியத் தாங்க ஏலேல்லை.

எழும்பி இருந்தாள்.

"நான் பாத்ததாலயோ?"



"சரி. அப்ப போன பிள்ளை? அதுக்கு நான் எதைப் பாத்தனான்? சொல்லுங்கோ. இந்த மொன்றியலில எந்தப் பாம்பைப் பாத்தனான்?"



"வேதப் புத்தகத்துப் பழக் கதையிலயும் முதல் பழி பொம்பிளையிலதான். நீங்களும் அதுதான்."

சப்பாத்தை எடுக்கக் குனிய ஏலாமல் நிண்டாள். நான் போட்டுவிட்டன். காலை இழுக்கேல்லை, என்னைப் பாக்கவும் இல்லை.  ரக்சி றைவர் பிரெஞ்சில ஏதோ ஆறுதல் சொன்ன மாதிரி.

வயித்தில பட்டி கட்டி மெசினில போட்டினம். சத்தம் வரேல்லை. தாதி அந்த வட்டத்தை அங்கால இங்கால நகர்த்திறா, இரைச்சல் மட்டும். வ. கட்டில் கம்பியை இறுக்கிப் பிடிச்சபடி. நான் ஒரு கடவுளையும் கூப்பிடேல்லை. எந்தக் கடவுளைக் கூப்பிடுறது, பயந்ததே அவருக்குத்தானே.

பேந்து கேட்டது. மழைச் சேத்துக்குள்ள ஆரோ வெறுங்காலோட ஓடிவாற மாதிரி. தப் தப் தப் எண்டு.

தாதி பெருவிரலைக் காட்டினா. டொக்டர் வந்து சொன்னார்: பிள்ளை முதுகுப்பக்கம் திரும்பிப் படுத்திருக்காம், அதாலதான் உதைக்கிறது தெரியேல்லையாம். எதுக்கும் ஒரு நாள் வைச்சுப் பாக்கினமாம். ரவி பக்டரி உடுப்போட ஓடி வந்தான். அவனைக் கண்டாப் பிறகுதான் வ. அழுதாள். நான் வெளியில போய் நிண்டன்.

ஒக்ரோபர் 17, செவ்வாய்

ஜில் மத்தியானம் வந்திட்டார். ரவியைக் கூட்டிக்கொண்டு கீழ போனன். பொலிசுக்குப் போறவன் மாதிரி. கண்ணைக் காட்டினன்.

ஜில் குனிஞ்சு பாத்திட்டுச் சிரிச்சார். ரவி சொன்னான்: "மாமா, செட்டை கழட்டப் போகுதாம், பழந்தோல் உரியப் போகுதாம். அதுக்கு முன்னம் கண் இப்பிடித்தான் வெளுக்குமாம். ரெண்டு மூண்டு மாதத்துக்கு ஒருக்கா வாறதாம். தானாத் தெளியுமாம். பால் வைச்சது ஆரெண்டு கேக்கிறார், பூனை ஒண்டு வந்ததோவாம்."

வேலியில எத்தினை செட்டை கண்டிருப்பன். கழட்ட முன்னம் முகத்தை ஆர் கிட்டப் போய்ப் பாத்தது.

ரவி சிரிச்சுச் சிரிச்சு என்ர பயத்தை அவருக்குச் சொல்லிப்போட்டான். ஜில் சிரிக்கேல்லை. பேனையை எடுத்தார். இதை ஆர் சொன்னது, எந்த ஊர், உங்கட தாயின்ர பேர் என்ன எண்டு கேட்டார். குடுக்கேல்லை. அம்மாவை ஏன் இதுக்குள்ள.

மேல வந்து பொன்னுத்துரையின்ர பெண்சாதியை நினைச்சன். வரம்பில கிடந்ததும் செட்டை கழட்ட இருந்ததோ என்னவோ. அவவை அதுக்குப் பிறகு ஒரு கலியாண வீட்டிலயும் நான் காணேல்லை. ஒருத்தரும் கூப்பிடேல்லை. அவவின்ர பேர் எனக்குத் தெரியாது. எல்லாம் ஞாபகமிருக்கு, பேர் மட்டும் இல்லை. பொன்னுத்துரையின்ர பெண்சாதிதான்.

ஜில் சொன்னது விளங்குது. டொக்டர் சொன்னது விளங்குது. நெஞ்சு இன்னும் அடிக்குது.

ஒக்ரோபர் 18, புதன்

முதல் பனிக்குளிர். ஹீற்றர் போட்டாச்சு, இரும்பு வாசம்.

வ. காலமை வந்திட்டாள். பிள்ளை நல்லாத் துள்ளுதாம், ரவிக்குச் சொன்னாள். எனக்குச் சொல்லேல்லை. தேத்தண்ணி கொண்டுவந்து மேசையில வைச்சாள். "அப்பா" எண்டு கூப்பிடேல்லை.

ரவி வேலைக்குப் போனான். அவள் வெங்காயம் வெட்டினாள். நான் சும்மா பேப்பரைப் பிரிச்சு வைச்சுக்கொண்டு.

"டொக்டர் சொன்னதை நம்புறியளோ?"

"ஓம்."

"ஜில் சொன்னதை?"

"ஓம் பிள்ளை."

"அப்ப என்ர முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ. என்ர கண்ணில பிழையில்லை எண்டு. போன பிள்ளைக்கும் சேத்துச் சொல்லுங்கோ."

வாய் வரேல்லை. மனமில்லாமல் இல்லை. இன்னும் ரெண்டு மாதம் கிடக்கு. வாய்விட்டுச் சொன்னா ஆருக்கோ கேட்டிடும், கேட்டா பழி வந்திடும் எண்ட பயம். அறுபது வருசத்துப் பயம் ரெண்டு நாளில போகுமோ. அவள் கத்தியை வைச்சிட்டு நிக்கிறாள், வெங்காயக் கண்ணீரோட.

சொன்னன். மெல்லமா.

"கேக்கேல்லை" எண்டாள்.

திருப்பிச் சொன்னன். கீழ் வீட்டுக்கும் கேட்டிருக்கும்.