முன்வரிசையிலிருந்து வந்த சிரிப்பு

நைனா,

போன வியாழக்கிழமை எரிந்த இன்வெர்ட்டரின் வாடை இன்னும் மாடிப்படியை விட்டுப் போகவில்லை. எரிந்தது இரண்டாவது மாடியில். வாடை மூன்றாவது மாடிக்கு ஏறிவந்து நம் வீட்டுத் திரைச்சீலையில் உட்கார்ந்திருக்கிறது. நீ இருந்திருந்தால் மூக்கை ஒரு தரம் உறிஞ்சிவிட்டு, "ரப்பர் இல்ல, ஒயரு" என்று தீர்ப்புச் சொல்லியிருப்பாய். முப்பத்துச் சொச்ச வருஷம் தீயணைப்பு வண்டியில் போன மூக்கு. அடிப்பிடித்த பாலை அம்மாவால் உன்னிடம் மறைக்க முடிந்ததே இல்லை. கல்லூரிக்குப் போன புதிதில் நான் ஏலக்காயை மென்றுகொண்டு வீட்டுக்குள் நுழைந்தபோது, "ஏலக்காய்க்கு அடியில இன்னாடா பொகை?" என்று கேட்டவன் நீ.

அந்த மூக்குக்கு உன் மேலேயே சந்தேகம். டியூட்டி முடிந்து வந்தால் கொல்லைக் குழாயடியில் இரண்டு முறை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் எங்களைத் தொடுவாய். "பசங்க மேல அந்த வாசன ஒட்டக்கூடாது" என்பாய். எது எரிந்தது, யார் போனார்கள் என்று ஒருநாளும் சொன்னதில்லை. பிள்ளைகளுக்குக் கிணற்றில் விழுந்த மாடுகளின் கதை மட்டும்தான். உன் கதைகளை நம்பினால் அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் கிணற்றில் விழாத மாடே கிடையாது.

அந்த மாடுகளை வைத்துத்தான் நான் பிழைக்கத் தொடங்கினேன். வாரநாளில் இன்சூரன்ஸ் ஆபீஸ் குமாஸ்தா, ஞாயிற்றுக்கிழமை நகைச்சுவைப் பேச்சாளன். இரண்டிலும் சுமார்தான். கரையான்சாவடியில் ஒரு கோயில் விழாதான் என் முதல் மேடை. ஐந்து நிமிடம் பேசியும் ஒருவர் பல்கூடத் தெரியவில்லை. முன்வரிசையில் ஒரு பாட்டியம்மா கொட்டாவி விட்டதை நான் சிரிப்பு என்று எண்ணி நன்றி சொல்லிவிட்டேன். அப்போது வந்தது உன் சிரிப்பு. பம்ப் இரைச்சலுக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை. வீட்டில் நான் ஒத்திகை பார்த்ததைப் பத்து முறை கேட்டிருந்தும், அப்போதுதான் காதில் விழுந்ததைப் போலத் தொடையைத் தட்டிச் சிரித்தாய். பக்கத்தில் இருந்தவர் உன்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு கூட்டம் சிரித்தது. அன்றிலிருந்து இருபது வருஷம், நான் ஏறிய மேடைக்கெல்லாம் இஸ்திரி போட்ட சட்டையோடு முன்வரிசையில் நீ. ஆவடி பஸ்ஸில் கால்கடுக்க நின்று வந்து எனக்காகச் சிரித்துவிட்டுப் போவாய்.

இனி வரப்போவதை எழுத மூன்று நாளாகத் தள்ளிப்போட்டேன்.

அம்மா போனபிறகு என்னோடு இந்த ஃப்ளாட்டுக்கு வந்தாய். வந்த முதல் மாதமே ஒரு நோட்டும் பேனாவுமாக வீடு வீடாகக் கிளம்பினாய். பன்னிரண்டு வீடு. எல்லாரிடமும் ஒரே கேள்வி: "வயசானவங்க எந்த ரூம்ல படுப்பாங்க? கொழந்த எந்த ரூமு?" மதுரையிலிருந்தும் கோவையிலிருந்தும் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த பிள்ளைகள் முழித்தார்கள். வாட்ஸாப் குழுவில், "உங்க ஃபாதர் எதுக்கு சார் இதெல்லாம் கேக்கறாரு?" என்றார்கள். நான் சிரிப்புப் பொம்மைகளை வரிசையாக அனுப்பித் தப்பித்தேன்.

எதற்கு என்று எனக்குத் தெரியும், நைனா. என் வெட்கமே அதுதான். தெரியாமல் செய்திருந்தால் முட்டாள் என்று பேர் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். எனக்கு மட்டும் ஒரே ஒரு தடவை நீ சொல்லியிருந்தாய், வேட்டி மடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல்.

"அம்பத்தூர்கிட்ட, பாடியில ஒரு ஊடு எரியுது. ஆத்தாக்காரி வெளிய நிக்குது. 'கொழந்த எந்த ரூமு, எந்த ரூமு'ன்னு கேக்கறேன். அதுக்குப் பேச்சு வர்ல, கைய ரெண்டு பக்கமும் காட்டுது. நான் லெஃப்ட்ல பூந்தேன்டா. கொழந்த ரைட்ல இருந்துச்சி."

அவ்வளவுதான் சொன்னாய். வேட்டியை அலமாரியில் வைத்துவிட்டு, "சோறு ஆயிடுச்சா?" என்று கேட்டாய்.

இதைக் கேட்ட காதை வைத்துக்கொண்டுதான் நம் அப்பார்ட்மெண்ட் பொங்கல் விழாவில் மைக்கைப் பிடித்தேன். மொட்டைமாடி, ஷாமியானா, பன்னிரண்டு வீட்டு ஜனம். என் பேச்சு ஓடவில்லை. பழைய மாடுகள் ஒன்றும் எழுந்திருக்கவில்லை. வியர்த்தது. சட்டென்று வாயில் வந்ததைச் சொன்னேன்: "நம்ம அப்பார்ட்மெண்ட்ல சிசிடிவி எதுக்குங்க? எங்க நைனா இருக்காரு. எந்த ஊட்ல யாரு, யாரு பக்கத்துல படுக்கறாங்கன்னு நோட்டுல எழுதி வச்சிகீறாரு!"

ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாரும் உன்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சிரிக்கலாமா கூடாதா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அந்தத் தயக்கம்கூட அவர்களுக்கு இருந்தது, எனக்கு இல்லை.

அப்போது நீ சிரித்தாய். வழக்கம் போலத் தொடையைத் தட்டி, முதல் ஆளாக. அதற்குப் பிறகுதான் ஷாமியானா அதிர்ந்தது.

கீழே இறங்கும்போது பக்கத்து வீட்டுப் பெண், மூன்று-ஏக்காரர், கொஞ்சம் கூச்சத்தோடு உன்னிடம் வந்தார். "அங்கிள், தப்பா நெனைக்காதீங்க, எங்க பக்கத்தைக் கிழிச்சிடறீங்களா?" என்றார். நீ நோட்டை எடுத்துவந்து பக்கத்தைக் கிழித்து அவர் கையிலேயே கொடுத்தாய். வீட்டுக்குள் வந்ததும் என்னிடம், "நல்லா சொன்னடா. ஜனம் சிரிச்சிச்சி" என்றாய். மறுநாளிலிருந்து நோட்டைத் தொடவில்லை.

நான் மன்னிப்புக் கேட்டேனா? அதே ஜோக்கை நசரத்பேட்டையில் சொன்னேன், திருநின்றவூரில் சொன்னேன். ஓடுகிற ஜோக்கை எவன் விடுவான்? நீ இரண்டுக்கும் வந்தாய். இரண்டிலும் சரியான இடத்தில் சிரித்தாய். எண்பத்து மூன்று வயதில், ஒரு காலை, காபிக்குக் காத்திருந்தபடியே நாற்காலியில் போய்ச் சேர்ந்தாய். பதினாறாம் நாள் முடிந்து வீட்டை ஒழித்தபோது அந்த நோட்டைப் பழைய பேப்பரோடு போட்டவனும் நான்தான்.

போன வியாழக்கிழமை காலை பதினோரு மணி. நான் லீவு போட்டு வீட்டில் இருந்தேன். இரண்டு-சியிலிருந்து புகை. அந்த வீட்டு மகனும் மருமகளும் ஆபீஸில். பெரியவரைப் பார்த்துக்கொள்கிற வேலைக்கார அம்மா கதவைப் பூட்டிக்கொண்டு கடைக்குப் போயிருந்தார். உள்ளே ஏழுமலை சார், ஆவடி ஃபேக்டரியில் இருந்து ஓய்வுபெற்றவர், பக்கவாதத்தில் படுத்தவர். தீயணைப்பு வண்டி வந்தது. கதவை உடைத்தார்கள். முகமூடியை மாட்டிக்கொண்டே ஒரு பையன் எங்களைப் பார்த்துக் கத்தினான்: "பெரியவரு எந்த ரூமு?"

முப்பது பேர் நின்றோம். யாருக்கும் தெரியவில்லை. வாட்ச்மேன் என் கையைப் பிடித்து உலுக்கினார். "சார், பெருசு எழுதி வச்சிருப்பாரே. எங்க கீது சார் அந்த நோட்டு?"

என் கை இரண்டு பக்கமும் காட்டியது, நைனா.

முதலில் ஹாலை ஒட்டிய அறையில் தேடினார்கள். பிறகு அடுத்த அறை. சமையலறைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையிலிருந்து கடைசியில் அவரைத் தூக்கி வந்தார்கள். இருமிக்கொண்டிருந்தார். பிழைத்துக்கொண்டார், ஆஸ்பத்திரியில் இட்லி சாப்பிடுகிறார். பிழைக்க வைத்தது அந்தப் பையன்கள். எனக்கு அதில் ஒரு பங்கும் இல்லை.

நேற்று மாலை ஒரு புது நோட்டை எடுத்துக்கொண்டு மூன்று-ஏயில் மணி அடித்தேன். அந்தப் பெண் கதவைத் திறந்தார். நோட்டைப் பார்த்ததுமே முகம் மலர்ந்தது. "என்ன சார், புது ஜோக்கா? இருங்க, இவரையும் கூப்பிடறேன்." கணவரும் வந்து, சிரிக்கத் தயாராகக் கதவில் சாய்ந்துகொண்டார்.

"குழந்தை எந்த ரூம்ல படுக்கும்?" என்று கேட்டேன்.

இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இத்தனை வருஷம் சிரிப்பு விற்றவன் வாசலில் நின்றால் வேறென்ன செய்வார்கள்? நான் அப்படியே நின்றேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிப்பு அடங்கியது. அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உள் ரூம் சார். பால்கனி பக்கம்" என்றார். எழுதிக்கொண்டேன். இன்னும் பத்து வீடு பாக்கி. பத்திலும் முதலில் சிரிப்பார்கள்.

அவர்கள் சிரித்தபோது நானும் கூடச் சேர்ந்து சிரிக்கப் பார்த்தேன். எவ்வளவு முயன்றும் வரவில்லை. அன்று அந்த மொட்டைமாடியில் உனக்கு எப்படி வந்தது, நைனா?