தொண்டி போன் அடிக்கவில்லை

ஆகஸ்ட் 4, திங்கள்

எங்கள் மருத்துவமனையின் தொண்டிக் கிளையில் மறுபடியும் போன்கள் அடிக்கவில்லையாம். இணையம் வழியாகப் பேசும் போன்கள். ராமநாதபுரத்தில் இருக்கும் சர்வரில் பதிவாகியிருந்தால்தான் அடிக்கும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த சர்வரைப் பார்ப்பது நான். மேனேஜர் வீரபத்திரன் இன்று என் மேஜையைத் தாண்டிப் போய் ஜெயப்பிரியாவிடம் கேட்டார். "என்னவா இருக்கும்மா?"

ஜெயப்பிரியா என் மனைவி. போன வருடம் வரை ரிசப்ஷனில் இருந்தவள், தானாகப் படித்து எங்கள் பிரிவுக்கு வந்தாள். அன்றைக்கு எல்லாருக்கும் ஸ்வீட் கொடுத்தது நான்தானே? இப்போது ஏன் வயிறு எரிகிறது?

"நானே பாக்குறேன் சார்" என்றேன்.

ஆகஸ்ட் 5

தொண்டிக்குப் போனேன். பாஸ்வேர்டை மாற்றி, போன்களை அணைத்துப் போட்டேன். எல்லாம் பதிவாயின. திரும்பி வரும்போது பஸ் தேவிபட்டினத்தைத் தாண்டவில்லை, நர்ஸ் மலிகா செல்லில் கூப்பிட்டாள். "அண்ணே, இங்கன இருந்து கூப்பிட்டா போகுது. அங்கன இருந்து வந்தாத்தான் அடிக்க மாட்டேங்குது. பிரியாக்காட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன்."

பிரியாக்கா. எல்லாருக்கும் பிரியாக்கா.

ஆகஸ்ட் 6

சாப்பிடும்போது ஜெயப்பிரியாவே ஆரம்பித்தாள். "ஏங்க, தொண்டியில ரூட்டர் மாத்துனாங்கள்ல, அதுல—"

"வீட்டுலயும் நீதான் பெரிய ஆளா?"

தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் சொல்ல வந்தது சரியாக இருந்துவிடுமோ என்றுதான் எனக்குப் பயம்.

ஆகஸ்ட் 7

பாம்பு கடித்த ஒருவரைத் தொண்டிக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். தகவல் தெரிந்து, என்ன மருந்து போடுவது என்று சொல்ல டாக்டர் இங்கிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார். போன் அடிக்கவே இல்லை. கை வேலையாக இருந்த மலிகா செல்லையும் எடுக்கவில்லை. கடைசியில் அவளாகவே டாக்டரைக் கூப்பிட்டுக் கேட்டதால் ஆள் பிழைத்தார்.

ச்சே. அந்தாளு செத்துருந்தா? என்ன மனுசன்டா நீ, தர்மராஜ்?

நேரே ஜெயப்பிரியாவின் மேஜைக்குப் போனேன். "எனக்குத் தெரியல பிரியா. நீ சொல்லு."

போன் சும்மா கிடந்தால், வெளியிலிருந்து அழைப்பு வரும் பாதையைப் புது ரூட்டர் சீக்கிரமே மூடிவிடுகிறதாம். போனோ மணிக்கு ஒருமுறைதான் சர்வரிடம் தன்னைப் பதிந்துகொள்கிறது. அதை நிமிடத்துக்கு ஒருமுறை ஆக்கினாள். அவ்வளவுதான். கூப்பிட்டோம், அடித்தது. மதியமும் அடித்தது. சாயங்காலமும்.

அவள் ஒரு வார்த்தைகூடக் குத்திக் காட்டவில்லை. காட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

வீரபத்திரனிடம் நானே சொன்னேன், "கண்டுபிடிச்சது பிரியா சார்."

ஆகஸ்ட் 8

தொண்டி அடிக்கிறது. நானே இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டேன்.

செப்டம்பர் 8, திங்கள்

பிரிவின் பொறுப்பை வீரபத்திரன் பிரியாவிடம் கொடுத்த பிறகு முதல் தடவையாக லீவு கேட்டேன். வெள்ளிக்கிழமை நயினார்கோவிலில் நண்பன் வீட்டுக் கல்யாணம்.

"அன்னைக்கு வாலிநோக்கம் கிளையில புது போன் வைக்கணும்ங்க. நீங்க இல்லாம ஆகாது" என்றாள். "சாயங்காலம் வரவேற்புக்கு ரெண்டு பேரும் போவோம்."

அங்கே இருந்தவர்கள் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். சரி என்றேன்.

வயிறு எரிந்தது. கொஞ்சம்தான்.