அழுது காட்டுகிறவன்

12.8.1986, செவ்வாய்
மில் தொழிலாளர் விழாவில் என் காமெடிக்கு இன்றும் யாரும் சிரிக்கவில்லை. மூன்று வாரம் எழுதிய குடிகாரன் வேடம். முன்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். மில்லில் என்னோடு வேலை பார்க்கும் காசிராஜன் சொன்னான்: "நீ யோசிச்சு எழுதுததுக்கு யாருக்கும் சிரிப்பு வரல. பாத்ததச் செய்யி."

3.11.1986
எதிர்வீட்டுக் கிருபாபாய் அக்காவின் கணவரை நேற்று அடக்கம் செய்தோம். நெஞ்சில் அடித்து அழுதுகொண்டிருந்த அக்கா நடுவில், "பீரோ சாவிய எங்க வச்சீகன்னு சொல்லாமப் போயிட்டீகளே" என்றாள். எனக்குச் சிரிப்பு முட்டிவிட்டது. வெளியே போய் நின்றேன். என்ன மனுஷன் நான்?

18.1.1987, ஸ்ரீவில்லிபுத்தூர்
செய்துவிட்டேன். சேலை முக்காடு, அக்காவின் அதே இழுப்பு, அதே சாவி. பெயர் மட்டும் சொல்லவில்லை. மைதானமே குலுங்கியது. எல்லார் வீட்டிலும் யாரோ இப்படி அழுதிருக்கிறார்கள், அதனால்தான் சிரிக்கிறார்கள்.

2.2.1987
குழாயடியில் அக்கா கேட்டாள்: "என் அழுகைக்கு ரொம்பக் கைதட்டலாமே, பொன்னுராஜு?"
குரலில் கோபமில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை.

15.2.1987
வத்திராயிருப்பில் அதே வேடம். இன்னும் அதிகச் சிரிப்பு.

27.6.1991
செல்லக்கனி போய்விட்டாள். மஞ்சள் காமாலை. பதினோரு நாள் ஆஸ்பத்திரி. என் பெண்டாட்டி.

9.7.1991
எழுதாமல் இருக்க முடியவில்லை. சவப்பெட்டியை மூடும்போது கத்தி அழுதேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். பொறவு இன்னொருத்தர். என் வாயிலிருந்து வந்தது மேடைக் குரல் — நான் வேற எப்படி அழுவேன்? வேற அழுகை எனக்கு வரலியே. வாயைப் பொத்திக்கொண்டேன்.
கிருபாபாய் அக்காதான் எழுந்து நின்றாள். "சிரிக்காதீக. அவன் நெசமாத்தான் அழுவுதான்."

4.12.1991
மில் மெஷின் இரைச்சலுக்குள்ளும் அந்தச் சிரிப்பு கேட்கிறது. மெஷினை நிறுத்தினாலும் கேட்கிறது. மேடை ஏறுவதில்லை. அன்றைக்குப் பிறகு அழவும் இல்லை.

16.4.1994, சனி
காசிராஜன் ஸ்ரீவில்லிபுத்தூர் கலை விழாவுக்கு இழுத்துப் போனான். செட்டியார்பட்டி தனுஷ்கோடி என்று ஒரு புது ஆள். பெண்டாட்டியைப் பறிகொடுத்த காமெடியனாக வந்தான். அவன் அழ அழ, துக்க வீடு சிரிக்கிறது. நான் வாயைப் பொத்தியதைக்கூட அவன் விடவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர் என் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார்.
"போயிருவோமா?" என்றான் காசிராஜன்.
முடியும்வரை உட்கார்ந்திருந்தேன். நன்றாகத்தான் செய்தான்.

17.4.1994, ஞாயிறு
ஆராதனை முடிந்து அக்கா வீட்டுக்குப் போனேன். கேட்க வேண்டிய மன்னிப்பை ஏழு வருஷமாகக் கேட்காமலே எதிரில் குடியிருந்திருக்கிறேன். "அக்கா, நேத்து ஸ்ரீவில்லிபுத்தூர்ல..." என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் அழுகைதான் வந்தது. அதே குரல், அதே இழுப்பு.
அக்கா சிரிக்கவில்லை. அந்த இழுப்பைக் காது கொடுத்துக் கேட்டாள்.
"நானும் இப்பிடியா அழுதேன்?"
"ஆமாக்கா."
நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள்.